வடிவு எழுந்து நடக்கும்வரை

2025 பிப்ரவரி 3, திங்கள்

என் வீட்டுக்காரி வடிவை இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தவள், வலிக்கிறது என்று கத்தவில்லையாம். "ஏளா, மோட்டார அமத்து" என்றுதான் கத்தினாளாம். சீனித்தாய் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். சீனித்தாய் பக்கத்து வீடு. தன் ஆடுகளோடு எங்கள் ஆடுகளையும் சேர்த்து மேய்க்கிறவள்.

கட்டிலை உள்ளறையில் போட்டேன். வேண்டாம், முன்னறையில் ஜன்னலோரம் போடுங்கள் என்றாள். அங்கிருந்து பார்த்தால் முருங்கைத் தோட்டம் தெரியும். மூன்று ஏக்கர் செம்மண். அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது.

படுத்ததும் வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

"எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

நாலாவது வேலையோடு நின்றுவிட்டேன்.

"எழுதிக்கிடுங்க. முப்பத்தொரு வருசம் ஹார்பர்ல கிரேன் ஓட்டின மனுசனுக்கு ஒரு வால்வு ஞாபகத்துல நிக்க மாட்டேங்கு."

அதனால்தான் இந்த டைரி. கப்பல் ஏஜென்சியில் கொடுத்தது, பீரோவில் கிடந்தது. எழுதச் சொன்னது வேலைகளை. நான் பாட்டுக்கு வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4

வடக்கு வால்வைத் திறப்பதற்குப் பதில் தெற்கு வால்வைத் திறந்துவிட்டேன். முந்தாநாள் தண்ணீர் குடித்த மரங்களே மறுபடியும் குடித்தன.

பிப்ரவரி 9, ஞாயிறு

முப்பத்தொரு வருஷமும் நான் சனி ஞாயிறுப் புருஷன். சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து பஸ், திங்கள் விடியற்காலை திரும்பவும் பஸ். மற்ற நாளெல்லாம் ஹார்பர் குவார்ட்டர்ஸ். வந்தால் குளிப்பேன், சாப்பிடுவேன், பேப்பர் படிப்பேன். தோட்டத்துப் பக்கம் போனால் வெயிலில் எதற்கு என்று அவளே திருப்பி அனுப்பிவிடுவாள். நவம்பரில் ரிட்டயர் ஆகி வந்து உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் இருந்தது. எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை.

ஆடுகள் ஏழும் கன்னி என்கிற நாட்டு இனம். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக்கோடு. எனக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. அவள் கட்டிலில் படுத்தபடி சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிறாள்.

"இப்பக் கத்துனது பொறிச்சி. அதுக்கு மாசம் நாலு ஆவுது. தவிடு தனியா வைங்க, மத்ததுவ முட்டித் தள்ளிரும்."

பொறிச்சியின் காதில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. இன்று அதைக் கண்டுபிடித்தேன். அவளிடம் போய்ச் சொன்னேன். "இன்னைக்காவது பாத்தியளே" என்றாள். கேலி மாதிரி இல்லை.

பிப்ரவரி 15, சனி

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

டிக்சன் இன்றைக்கும் போன் செய்தான். சாயர்புரத்துப் பையன், என்னோடு வேலை பார்த்தவரின் அக்கா மகன். சோலார் தகடு போடும் கம்பெனிக்கு நிலம் பேசிக் கொடுக்கிறவன். டிசம்பரில் அவனிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று ஏக்கரையும் முப்பது வருஷக் குத்தகைக்கு விடுவதாக. "நெலம் என் வீட்டுக்காரி பேர்லதான். அவ கையெழுத்துப் போடுவா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அப்புறம் தூத்துக்குடியில் ஒரு சின்ன வீடு, கடல் காற்று, தெரிந்த ஆட்கள் — இப்படி என் மனசுக்குள்ளேயே கட்டி முடித்தாயிற்று.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன். பொங்கல் கழித்து அவள் விழுந்துவிட்டாள்.

"சார், அக்காவுக்கு இப்ப முடியலைல்லா. இப்பக் கேட்டா சரின்னுருவாவ" என்கிறான் டிக்சன்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால், வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

அவளுக்குத் தலை குளிப்பாட்டினேன். இத்தனை நாளும் சீனித்தாய்தான் செய்தாள். இன்று அவளுக்கு ஏதோ காரியம், சாத்தான்குளம் போய்விட்டாள். வடிவுக்கு ஒரே கூச்சம். "நாளைக்குப் பாத்துக்கிடலாம், ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி" என்று மறுத்துக்கொண்டே இருந்தாள். நான் கேட்கவில்லை. தலையைக் கட்டிலுக்கு வெளியே சாய்த்து, கீழே அண்டாவை வைத்து, சீயக்காய் போட்டு அலசினேன். பின்னந்தலையில் இவ்வளவு நரை இருப்பது எனக்குத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். மகள் பிரியா நாலாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு கோடையில் மோட்டார் எரிந்துபோனதாம். பதினோரு நாள் குடத்தில் தண்ணீர் சுமந்து இளங்கன்றுகளுக்கு ஊற்றினாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாறது ரெண்டு நாளு. அதுல இதையா சொல்லுவாவ?"

துண்டால் துவட்டும்போது கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை என் கையைவிடக் காய்ப்பு. கிரேனில் வெறும் லீவர்தானே.

மார்ச் 2, ஞாயிறு

தோட்டம் முழுக்கப் பூ. காலையில் தேனீக்களின் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்கிறது. ஒரு கொத்தை ஒடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவைப் பார்க்கவில்லை, காம்பைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே தண்ணியக் கொறச்சிருங்க. பூவுல தண்ணி கூடுனா உதுந்துரும். மண்ணு காஞ்சு கெடக்குன்னு மனசு எளகிராதிய."

மார்ச் 6

மனசு இளகிவிட்டது. கிழக்கு வரிசை மரங்கள் வாடிப்போன மாதிரி இருந்தன. இரண்டு மணி நேரம் விட்டேன். இன்று பார்த்தால் அடியெல்லாம் வெள்ளையாகப் பூ கொட்டிக் கிடக்கிறது. யாருக்கும் தெரியாமல் வாரியலால் கூட்டி உரக்குழியில் போட்டேன். அறுபது வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

மதியம் கஞ்சி கொண்டுபோனபோது கேட்டாள்.

"கெழக்க எத்தன வரிசை?"

"எதுக்கு?"

"வெறுங்கையா வெளியில போறவுக வாரியலத் தூக்கிட்டுப் போனியளே. எத்தன வரிசை?"

"மூணு."

சிரித்துவிட்டாள். "நானும் மொத வருசம் அதத்தான் செஞ்சேன். எங்கப்பா ரெண்டு நாளு எங்கூடப் பேசல." அடுத்து அரும்பு கட்டும், பதறாதீர்கள் என்றாள்.

எத்தனை எளிதாக மன்னித்துவிட்டாள். மற்றதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

புண்ணாக்கு வாங்க சாத்தான்குளம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டு முன்னால் யாரும் இல்லை, பைக் போன தடம் மட்டும் இருந்தது. வடிவு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"டிக்சன்னு ஒருத்தன் வந்துட்டுப் போனான். சார் போன டிசம்பர்லயே சம்மதிச்சிட்டாவ, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்னான். மரியாதையாத்தான் பேசினான். பிஸ்கட் வாங்கிட்டு வந்தான்."

பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் கட்டில் ஓரத்தில் கிடந்தது.

"நான் காட்டுல களை எடுத்துட்டு நிக்கும்போது நீங்க அத முடிவு பண்ணிட்டிய. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

தோணலையேன்னு சொல்லவா? தோணுச்சி, பயமா இருந்துச்சின்னு சொல்லவா? என்ன மனுசன் நான். புண்ணாக்கு மூட்டையக்கூட இறக்கி வைக்கல, தோள்லயே வச்சிட்டு நின்னேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டாள்.

மார்ச் 12

கஞ்சி குடித்தாள். மாத்திரை போட்டாள். பேசவில்லை.

மார்ச் 14

வேலைகளைக்கூடச் சொல்லவில்லை. இந்த டைரியில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். ஒரு தப்பும் வரவில்லை இன்று. யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 16, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் பிரியா போன் செய்தாள். அவளிடம் அம்மா எல்லாம் சொல்லியிருக்கிறாள். என்னிடம்தான் பேச்சு இல்லை.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணுனிய?"

"அவ கஷ்டப்படுதாளேன்னுதான்…"

"அம்மா கஷ்டப்படுதேன்னு ஒங்ககிட்ட சொன்னாவளா?"

"இல்ல."

"அப்ப உண்மையச் சொல்லுங்க. எதுக்குப் பண்ணுனிய?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

மார்ச் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினோரு மணி இருக்கும். பொறிச்சியை மேய்ச்சலுக்கு அனுப்பாமல் கொட்டகையில் கட்டியிருந்தேன். மடி இறங்கிவிட்டது, இன்று நாளை என்று இருந்தது. சீனித்தாய் மற்ற ஆடுகளை என் பொறுப்பில் விட்டுவிட்டு வேம்பாருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நான் அடுக்களையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பொறிச்சி கத்தியது. இரண்டு தடவை, மூன்று தடவை.

முன்னறையிலிருந்து வடிவின் குரல். எட்டு நாளைக்குப் பிறகு.

"ஏங்க! அந்தச் சத்தம் சரியில்ல. ஓடுங்க!"

ஓடிப் பார்த்தேன். பனிக்குடம் உடைந்து தரை நனைந்து கிடந்தது. ஆடு படுத்தபடி முக்குகிறது. ஒரே ஒரு சின்னக் குளம்பு வெளியே தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு ஓடி வந்து சொன்னேன்.

"ஒத்தக் காலா? மூக்கு தெரியலையா?"

"தெரியல."

"என்னை அங்கன தூக்கிட்டுப் போங்க."

"கால ஊனக் கூடாதுன்னு டாக்டரு —"

"ஊன மாட்டேன். நீங்க தூக்குவியன்னுதான சொல்லுதேன்."

பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகையில் போட்டேன். அவள் கால் வைக்க ஒரு முக்காலி. பிறகு அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ டன் சரக்கை அலுங்காமல் கப்பலில் இறக்கியிருக்கிறேன். இன்றைக்கு இருந்த பயம் ஒருநாளும் இருந்ததில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் இறக்கும்போது ஒரு முனகல்கூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். வேறொரு ஊரில் இருக்கிறார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

"ஒரு மணி நேரம் தாங்காது. நகத்த வெட்டுங்க. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. தேங்காண்ண தடவுங்க."

எல்லாம் செய்தேன். கையை உள்ளே விடச் சொன்னாள். அந்தச் சூடு… உள்ளே எல்லாம் வழுக்குகிறது, எது என்ன என்று தெரியவில்லை.

"கண்ண மூடிக்கிடுங்க. கையால பாருங்க. என்ன தட்டுப்படுது?"

"கழுத்து மாதிரி இருக்கு. தலை பின்னால திரும்பிக் கெடக்கு."

"காலப் புடிச்சு இழுத்துராதிய. ஆடு முக்காம இருக்கும்போது குட்டிய உள்ள தள்ளி, தலைய முன்னால திருப்புங்க. மெதுவா."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போனது. பொறிச்சி என்னைப் பார்த்துக்கொண்டே கத்தியது. வடிவு அதனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "இந்தா ஆச்சு தாயி, இந்தா ஆச்சு." எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். திடீரென்று தலை சரிந்து உள்ளங்கைக்குள் வந்தது. சின்ன மூக்கு. மற்றக் காலும் அதோடு சேர்ந்து முன்னால் வந்தது.

"இப்ப முக்கும். அதுகூடச் சேந்து கீழ்வாக்கா இழுங்க."

வந்துவிட்டது. கறுப்பு, கோழை மூடி, மூச்சில்லாமல். அவள் கையை நீட்டினாள். மடியில் வாங்கி, வாயில் விரல் விட்டு வழித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் சீண்டினாள். நான் சாக்கால் உடம்பைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஒரு தும்மல்.

அதற்குள் இரண்டாவது குட்டி யார் உதவியும் இல்லாமல் தானாக வந்து விழுந்தது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வடிவு அழுதுகொண்டிருந்தாள். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பயந்துட்டேன், வடிவு."

"ஆட்டுக்கா?"

"இல்ல. டிசம்பர்ல. வேலையில்லாம வந்து ஒக்காந்த பொறவு பாத்தேன். நான் இல்லாமலே இங்கன எல்லாம் நடந்துருக்கு. கெணறு, மரம், ஆடு, புள்ள வளந்தது — எல்லாம். எனக்குன்னு இங்கன ஒண்ணுமே இல்ல. விருந்தாளி மாதிரி இருந்தேன். டவுனுக்குப் போனா எனக்கு எல்லாந் தெரியும், ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. அப்ப என்னத் தேடுவல்லான்னு…"

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமான காரணம் என்று விளங்கியது.

அவள் குட்டியைப் பொறிச்சியின் முகத்தருகே வைக்கச் சொன்னாள். அது நக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"விருந்தாளியா வச்சது நாந்தான். வந்தா காப்பியக் குடுத்து ஒக்கார வைப்பேன். ரெண்டு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்னு. அப்பொறம் அதுவே பழகிட்டு. ஒங்கள வேலைக்குக் கூப்புட எனக்கும் தெரியல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கேக்காம செஞ்சது தப்புதான். அத நான் இன்னும் மறக்கல."

"தெரியும்."

"சீம்பால் குடிக்க வைங்க. சின்னதுக்கு மொதல்ல."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசி போட்டார். யார் குட்டியைத் திருப்பியது என்று கேட்டார். "இவுகதான்" என்றாள் வடிவு. பிறகு, அவளை வெளியே தூக்கி வந்ததற்காக என்னை ஒரு பிடி பிடித்தார்.

மார்ச் 20

டிக்சனுக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபப்பட்டான். எங்கள் நிலத்தையும் சேர்த்துத்தான் கம்பெனியிடம் கணக்குச் சொல்லியிருந்தானாம். நியாயமான கோபம்தான், மன்னிப்புக் கேட்டேன். மேற்குப் பக்கத்து நிலக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்றாம். அங்கே தகடு வரத்தான் போகிறது. வடிவிடம் சொன்னேன். "அவுக நெலம், அவுக இஷ்டம்" என்றாள்.

சாயங்காலம் வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்பது வேலை. ஒன்றையும் எழுதாமல் திருப்பிச் சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

எக்ஸ்ரே பார்த்துவிட்டு, காலை ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னறையிலிருந்து வாசல் வரைக்கும் பதினான்கு எட்டு வைத்தாள். வாசலில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். நான் பறித்துக் குவித்திருந்த காய்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு முந்திப் பறிச்சிருக்கணும்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிழக்கு மூன்று வரிசை மட்டும் காய் குறைவு. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நான்கு நாளாக மேல்காற்று. செம்மண் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. பதினேழு மரத்தில் பெரிய கிளைகள் முறிந்துவிட்டன, காயோடு. இரண்டு மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வந்துவிட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் நான் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

வடிவு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். சுற்றிப் பார்த்தாள். தோளைத் தொட்டாள்.

"ஒவ்வொரு வருசமும் அடிக்கும். ஒங்களுக்குத்தான் புதுசு. அருவாள எடுங்க."

முறிந்த கிளைகளில் கைத் தடிமன் உள்ளதைத் தேர்ந்து, இரண்டு முழ நீளத்துக்கு வெட்டினோம். சாய்ந்த மரங்கள் இருந்த இடத்திலும் வேலியோரமும் நட்டோம். அவள் உட்கார்ந்து அடிமுனையைச் சீவிக் கொடுத்தாள். நான் குழி தோண்டினேன். மொத்தம் இருபத்தாறு. இடுப்பு கழன்றுபோகிற மாதிரி வலி. ராத்திரி சாப்பாட்டுக்கு அவளே தோசை சுட்டாள், நின்றுகொண்டே.

ஜூலை 9, புதன்

விவசாயிகள் விவரம் எடுக்க ஒரு பெண் வந்தது. கையில் போன், தலையில் துப்பட்டா, வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்த்துக் கேட்டது.

"தாத்தா, நெலம் உங்க பேர்லயா?"

"இவ பேர்ல."

"உங்க தொழில்? ரிட்டயர்டுன்னு போடவா? அம்மா வீட்லதான இருக்காங்க?"

"வீட்லயா?" என்றேன். "முப்பத்திமூணு வருசமா இந்தக் காட்ட வச்சிருக்கது அவதான். விவசாயின்னு அவளப் போடு தாயி."

வடிவு கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் அதையே போடுளா."

அந்தப் பெண் போனில் தட்டியது. "அம்மாவுக்கு அனுபவம் முப்பத்திமூணு. தாத்தாவுக்கு?"

"அஞ்சு மாசம்" என்றாள் வடிவு, என்னைப் பார்க்காமலே.

"மாசம் போட முடியாதும்மா. வருசம்தான் ஏறும்."

"அப்ப ஒண்ணு போடு. தையில ஆயிரும்."

அந்தப் பெண் ஒன்று என்று போட்டுக்கொண்டது.